மையும் தாளும் போதாதபோது: ஆடம்ஸ் குடும்பக் கடிதங்கள்

புதிய ஏற்பாட்டின் மிகச் சிறிய நூல்கள் யோவானின் இரண்டாம் திருமுகமும் மூன்றாம் திருமுகமும் ஆகும். இரண்டும் ஏறக்குறைய ஒரே விதமாக முடிகின்றன. எழுத வேண்டியவை இன்னும் பல உண்டு. ஆனால் அவற்றை மைக்கும் தாளுக்கும் ஒப்படைக்க மனமில்லை. நேரில் வந்து முகம் பார்த்துப் பேசவே விழைகிறோம் என்பது அம்முடிவுரைகளின் சாரம். பல ஆண்டுகளாக இவ்வரிகளைப் படித்தும், அவற்றை வெறும் மரியாதைச் சொற்களாக எண்ணி நாம் கடந்து வந்திருக்கிறோம். அண்மையில் ஆடம்ஸ் குடும்பத்தார் எழுதிய கடிதங்களை வரிசையாகப் படித்து முடித்தபோதுதான், கடிதம் எழுதும் ஒவ்வொருவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை அவ்வரிகளில் இருப்பதை உணர்ந்தோம். கடிதம் என்பது அன்பின் அடையாளம் மட்டுமன்று. அன்பு செய்யத் தவறியதன் சான்றும் அதுவே ஆகலாம்.

ஜான் ஆடம்ஸ் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் இரண்டாம் குடியரசுத் தலைவராக 1797 முதல் 1801 வரை இருந்தவர். அதற்கு முன், 1778-க்கும் 1788-க்கும் இடைப்பட்ட பத்தாண்டுகளில் பெரும்பகுதியைத் தம் நாட்டின் தூதராகப் பிரான்சிலும் ஆலந்திலும் இங்கிலாந்திலும் கழித்தார். அவருடைய மனைவி அபிகாயில், மாசச்சூசெட்சில் ஒரு புராட்டஸ்டாண்டுப் போதகரின் மகள். பள்ளிக்கூடம் சென்றறியாதவர், வீட்டு நூலகத்தையே பள்ளியாகக் கொண்டவர். 1764-ஆம் ஆண்டு அக்டோபர் 25-இல் இவ்விருவருக்கும் திருமணம் நிகழ்ந்தது. இவர்கள் ஒருவருக்கொருவர் எழுதியவற்றில் 1,100-க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் பாஸ்டனிலுள்ள மாசச்சூசெட்ஸ் வரலாற்றுக் கழகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. கணவன் மனைவியர் இத்தனை கடிதங்களை எழுதினார்கள் என்று வியப்பவர்கள், அதன் மறுபக்கத்தையும் எண்ண வேண்டும். இத்தனை கடிதங்கள் தேவைப்படும் அளவுக்கு அவர்கள் பிரிந்து வாழ்ந்தார்கள்.

இக்கடிதங்களை முதலில் உலகுக்கு அளித்தவர் அவர்களுடைய பேரன் சார்லஸ் பிரான்சிஸ் ஆடம்ஸ். பாட்டியின் கடிதங்களை 1840-இலும், பாட்டனாரின் கடிதங்களை 1841-இலும், புரட்சிக் காலத்தில் இருவரும் எழுதியவற்றை ஒருங்கே 1876-இலும் அவர் வெளியிட்டார். எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். உடல்நோய், வீட்டுச் சண்டை, கடைச்சரக்கு போன்ற செய்திகளில் பலவற்றை நீக்கினார். எனவே பல தலைமுறை வாசகர்களுக்குக் கிடைத்தது பளிங்கில் செதுக்கிய இரு சிலைகளே. 1963 முதல் வெளிவரத் தொடங்கிய முழுமையான பதிப்பில்தான் சிலைகள் இறங்கி நடந்தன. பேரனை நாம் குறைகூறவில்லை. தம் முன்னோரின் மானத்தைக் காக்க எண்ணியது இயல்பே. எனினும் அவர் நீக்கிய பகுதிகளிலேதான் இந்நூலின் உயிர் இருக்கிறது என்பது நம் துணிபு. இக்கட்டுரை அவ்வுயிரைத் தேடும் முயற்சியே.

கடலும் அஞ்சலும்

1778 பிப்ரவரியில் ஜான், பத்து வயது மகன் ஜான் குவின்சியை உடன் அழைத்துக்கொண்டு போர்க்கப்பல் ஒன்றில் பிரான்சுக்குப் புறப்பட்டார். அபிகாயில் மற்ற மூன்று குழந்தைகளுடன் பண்ணை வீட்டில் தங்கினார். கப்பல் எதிரியிடம் பிடிபட்டது என்று ஒரு வதந்தி. பாரிசில் இருந்த பிராங்கிளின் கொலையுண்டார் என்று மற்றொரு வதந்தி. கணவரின் கையெழுத்தை அவர் மீண்டும் கண்டது ஜூன் 30-ஆம் நாள் காலையில்தான். ஏறக்குறைய நான்கு மாதங்கள் கணவரும் மகனும் உயிரோடிருக்கிறார்களா என்பதே தெரியாமல் அவர் வயலுக்கு உழவு ஏற்பாடு செய்தார், வரி கட்டினார், பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்.

அக்காலத்து அஞ்சலின் இயல்பை அறியாமல் இக்கடிதங்களை மதிப்பிட இயலாது. கடிதங்கள் அனைத்தும் கப்பலை நம்பியிருந்தன. கடல் முழுவதும் ஆங்கிலேயக் கப்பல்கள் சுற்றித் திரிந்தன. பகைவரின் பாய்மரம் கண்ணுக்குத் தெரிந்தால், அஞ்சல் மூட்டையைக் கடலில் அமிழ்த்திவிடுவது மாலுமித் தலைவனின் கடமை. எனவே ஒரே செய்தியை இரண்டு மூன்று படிகள் எடுத்து வெவ்வேறு கப்பல்களில் அனுப்புவார்கள். ஜானுக்கு வேறோர் அனுபவமும் இருந்தது. 1775-இல் அவர் மனைவிக்கும் நண்பர் ஒருவருக்கும் எழுதிய கடிதங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கின. உடனே செய்தித்தாளில் அச்சேறின. தம் மனத்தைத் திறந்து எழுதியது ஊரார் நகைப்புக்கு இடமானது. அந்தச் சூட்டை அவர் மறக்கவே இல்லை.

இதன் விளைவாக, பாரிசிலிருந்து வந்த கடிதங்கள் சுருங்கின. நலம், பணி, வணக்கம் என்பதற்கு மேல் அவற்றில் ஒன்றும் இல்லை. அபிகாயில் பொறுத்துப் பார்த்தார். பின்னர் அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் வெளிப்படையாகவே குறைகூறி எழுதினார். கடலைத் தாண்டிவந்த தாள் இத்தனை குளிர்ந்திருப்பானேன் என்பது அவர் கேள்வியின் கருத்து. டிசம்பரில் ஜான் சினந்து பதில் எழுதினார். எழுதிய கடிதங்கள் பல வந்து சேரவில்லை. மனத்தை அவிழ்த்து எழுதினால் அது நாளை இலண்டன் செய்தித்தாளில் வரும். இனி இப்படிக் குறைகூற வேண்டாம் என்றார்.

இந்தச் சிறு பூசலை நாம் மீண்டும் மீண்டும் படித்தோம். ஜான் கூறிய காரணங்கள் அனைத்தும் உண்மையே. கடிதங்கள் கடலில் மூழ்கின; உளவும் இருந்தது. ஆயினும் அபிகாயில் பொய் என்று எதையும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அவர் சொன்னது, உண்மையான காரணம்கூட அன்புக்குப் போதாது என்பதே. பங்குப் பணியில், எழுத்தறியாதவர்களுக்கு வந்த கடிதங்களைப் படித்துச் சொல்லும் வாய்ப்பு நமக்குக் கிடைத்ததுண்டு. பணம் எவ்வளவு, எப்போது வருகிறார் என்ற செய்தியைச் சொல்லி முடித்தபின், கேட்டவர்கள் முதல் வரியை இன்னொரு முறை படிக்கச் சொல்வார்கள். அந்த முதல் வரியில் இருப்பது செய்தியன்று, விளிப்பு. ஆடம்ஸ் தம்பதியர் ஒருவரையொருவர் அன்பிற் சிறந்த தோழமையாக விளித்துக்கொண்டார்கள். கணவன் மனைவியருக்கு நட்பு என்னும் சொல்லை இவ்வளவு உறுதியாகப் பொருத்திய இல்லறத்தார் அந்நூற்றாண்டில் அரியர். அந்த விளிப்பு தரும் வாக்குறுதியைக் கடிதத்தின் உடல் நிறைவேற்றவில்லை என்பதே அபிகாயிலின் வழக்கு. அவ்வழக்கில் நம் தீர்ப்பு அவர் பக்கமே.

அந்தக் குளிர்காலத்தில் அவர் எழுதிய மற்றொரு கடிதத்தில் ஓர் அழகிய செய்தி உண்டு. கடல் சென்ற கணவன் மாடிப்படி ஏறிவரும் ஓசையைக் கொண்டாடும் ஸ்காட்லாந்துப் பாட்டு ஒன்றை ஓர் இளம்பெண் பாடக் கேட்டு அவர் கண்ணீர் விட்டார். அதைக் கண்ட எட்டு வயது மகன் சார்லஸ், அப்பாட்டைத் தானும் கற்றுக்கொண்டு, அன்னைக்கு ஆறுதலாகப் பாடினான். இந்தச் சார்லசை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

மூன்று தலைமுறை ஏணி

ஜான் எழுதியவற்றுள் மிகப் புகழ் பெற்றது 1780 மே மாதம் பாரிசிலிருந்து எழுதிய கடிதம். தாம் அரசியலையும் போர்க்கலையும் கற்பது, தம் புதல்வர்கள் கணிதமும் மெய்யியலும் வணிகமும் வேளாண்மையும் கற்கும் உரிமை பெறுவதற்காக. புதல்வர்கள் அவற்றைக் கற்பது, அவர்களுடைய பிள்ளைகள் ஓவியமும் கவிதையும் இசையும் கட்டடக்கலையும் கற்பதற்காக என்று அதில் அவர் எழுதினார். மேடைகளில் இப்பகுதி அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. தியாகத்தின் உயர்ந்த வெளிப்பாடாக இதை எல்லோரும் போற்றுகின்றனர். நாமும் போற்றுகிறோம்.

ஆனால் இலக்கியத் திறனாய்வு செய்வோர், ஒரு பகுதியை அது நிற்கும் இடத்தில் வைத்துப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள். இவ்வரிகளுக்கு முன்னால் ஜான் என்ன சொல்கிறார்? பாரிசின் பூங்காக்களையும் அரண்மனைகளையும் ஓவியங்களையும் பற்றி எழுதினால் ஏடுகள் நிறையும். ஆனால் அதற்குத் தமக்கு நேரமில்லை, தம் கடமை வேறு என்கிறார். அதாவது, பாரிஸ் எப்படியிருக்கிறது என்று அறிய ஏங்கிய மனைவிக்கு அதைச் சொல்லாமல் விட்டதற்கான சமாதானமே அப்புகழ்பெற்ற பகுதி. பேரப்பிள்ளைகளுக்கு ஓவியத்தையும் இசையையும் வாக்களிக்கும் கை, அவற்றைப் பற்றி மனைவிக்கு ஒரு பக்கம் எழுத மறுக்கிறது. எதிர்காலத்திற்குத் தாராளமாக இருப்பது எளிது. இன்றைக்குத் தாராளமாக இருப்பதே கடினம்.

வரலாறும் அந்த ஏணியை ஏறவில்லை. மகன் ஜான் குவின்சி அரசியலையே கற்றார். இலண்டனில் தூதராக இருந்தார். 1825-இல் குடியரசுத் தலைவரானார். பேரன் சார்லஸ் பிரான்சிசும் 1861 முதல் 1868 வரை, தம் தந்தையும் பாட்டனாரும் இருந்த அதே இலண்டன் தூதர் பதவியில் அமர்ந்தார். கவிதைக்கும் இசைக்கும் உரியதாகக் குறிக்கப்பட்ட தலைமுறையும் கடமையின் முதல் படியிலேயே நின்றது. பிள்ளைகள் நாம் சொல்லும் நோக்கத்தைக் கற்பதில்லை, நாம் நடக்கும் வழியைக் கற்கிறார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

மறுகரையில் இருந்த எழுத்தாளர்

அரசியல் பெரியவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து எழுதிய குடும்பக் கடிதங்கள் என்று இத்தொகுப்பைக் கருதித்தான் நாம் கையில் எடுத்தோம். பாதி தூரம் வருவதற்குள், இதன் தலைசிறந்த எழுத்தாளர் வெளிநாட்டில் இல்லை, வீட்டில் இருக்கிறார் என்று கண்டோம். அபிகாயிலுக்குத் தம் எழுத்தைப் பற்றி நாணம் இருந்தது. எழுத்துக்கூட்டலும் நிறுத்தக்குறிகளும் தமக்குச் சரியாக வரா என்று வருந்தினார். கடிதங்களை எரித்துவிடுமாறும் கேட்டுக்கொண்டார். கணவர் எரிக்கவில்லை. அதுமட்டுமன்று, 1776-இலேயே, எழுதும் கடிதங்களுக்குப் படி எடுத்து வைக்கும் ஏடு ஒன்றை வைத்துக்கொள்ளுமாறு அவர் மனைவிக்கு அறிவுறுத்தினார். மனைவியின் எழுத்தின் அருமையை அறிந்தவர் அவர். இந்த நன்மையை அவர் கணக்கில் நாம் எழுதியாக வேண்டும்.

பண்ணை ஆட்களுக்குக் கூலி, உயரும் விலைவாசி, மதிப்பிழக்கும் தாள்பணம், நோய், சாவு, தேர்தல் என அனைத்தையும் அபிகாயில் எழுதினார். ஐரோப்பாவிலிருந்து கைக்குட்டை, நாடா, ஊசி, தேயிலை முதலியவற்றை அனுப்பச் சொல்லி, அவற்றை விற்றுக் குடும்பத்தைக் காத்தார். 1782-இல் வெர்மாண்டில் 1,600 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டு நிலத்தை வாங்கினார். திருமணமான பெண்ணின் பெயரில் சொத்து இருக்கச் சட்டம் இடம் தராத காலம் அது. அரசியலை விட்டு விலகி, அங்கே கணவருடன் ஒதுங்கி வாழலாம் என்ற கனவு அந்நிலத்தில் இருந்தது. இனி வெர்மாண்டில் தலையிட வேண்டாம் என்று ஜான் எழுதிவிட்டார். வணிக நோக்கில் அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் மனைவி வாங்கியது நிலத்தை மட்டுமன்று. சொற்களால் கேட்டுக் கேட்டுச் சலித்தவர், திரும்பி வாருங்கள் என்பதை நிலத்தின் மொழியில் எழுதினார். அக்கடிதத்தைக் கணவர் விலைப்பத்திரமாக மட்டுமே படித்தார்.

பிள்ளைகளுக்கு எழுதும்போது இதே அபிகாயில் நம்மைத் திடுக்கிடச் செய்கிறார். 1778 ஜூனில் பதினொரு வயது நிரம்பாத ஜான் குவின்சிக்கு அவர் எழுதியது இது: ஒழுக்கம் கெட்ட பிள்ளையாக உன்னைக் காண்பதைவிட, நீ கடந்து சென்ற கடலே உனக்குக் கல்லறையாகியிருந்தால் நலம். தூய்மையை உயிரினும் மேலாகக் கொண்ட பக்தியின் குரல் இது என்பதில் ஐயமில்லை. புனிதர் வரலாறுகளிலும் இத்தகைய அன்னையரைக் காண்கிறோம். ஆயினும் வாரக்கணக்கில் கடலில் அலைந்து, அந்நிய நாட்டில் ஒரு விடுதிப் பள்ளியில் அமர்ந்து அக்கடிதத்தைப் பிரித்த சிறுவனின் கைகளை நாம் எண்ணிப் பார்க்கிறோம். நேரில் நின்று சொல்லியிருந்தால், சொல்லி முடித்ததும் தாய் அவன் தலையைத் தடவியிருப்பார். தாளால் தடவ முடியாது. சொல்லின் கூர்மை மட்டும் கடல் தாண்டும்; அதை ஆற்றும் கை இக்கரையிலேயே நின்றுவிடும்.

தந்தை எழுதியவற்றுள் நமக்கு மிகவும் பிடித்தது 1781 மே மாதக் கடிதம். ஆலந்தில் படித்துக்கொண்டிருந்த ஜான் குவின்சியிடம், ஆங்கிலக் கவிஞர்களைப் படிக்கிறாயா என்று விசாரித்து, சட்டைப்பையில் ஒரு கவிஞன் இருந்தால் தனிமை என்பதே இல்லை என்ற கருத்தை மகனுக்கு ஊட்டுகிறார். அறிவுரைகளால் நிறைந்த அத்தொகுப்பில் இது பனித்துளி போல் நிற்கிறது. இரண்டே மாதங்களில் அச்சிறுவன், தந்தையைப் பிரிந்து, பதினான்காம் வயதில் இரஷ்யத் தலைநகருக்குத் தூதுக்குழுவின் எழுத்தராகவும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் அனுப்பப்பட்டான். பையிலிருந்த கவிஞன் அவனுக்கு உடனே தேவைப்பட்டிருப்பான்.

ஆலயத்தில் கேட்ட மறையுரை

கத்தோலிக்க வாசகர்கள் தவறவிடக் கூடாத ஒரு கடிதம் இத்தொகுப்பில் உண்டு. அது வெளிநாட்டிலிருந்து எழுதப்பட்டதன்று. 1774 அக்டோபர் 9-ஆம் நாள், முதல் காங்கிரஸ் பேரவைக்காகப் பிலடெல்பியா சென்றிருந்தபோது எழுதியது. அன்று ஞாயிறு. பிற்பகலில் ஜான் கத்தோலிக்க ஆலயத்திற்குள் நுழைந்தார். ஜார்ஜ் வாஷிங்டனும் அன்று அங்கே சென்றதாகத் தம் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கத்தோலிக்கக் குருக்கள் கால்வைக்கக் கூடாதென 1700-இலேயே சட்டம் இயற்றிய மாசச்சூசெட்சின் மகனுக்கு அது புதிய உலகம். புரியாத இலத்தீனில் மக்கள் பாடுவதையும் செபமாலை உருட்டுவதையும் அவர் இகழ்ந்து எழுதுகிறார். ஆனால் எழுத எழுத அவர் பேனா அவரையே மீறுகிறது. குருவின் உடையும், பீடத்தின் மேல் தொங்கிய பாடுபட்டவரின் ஓவியமும், இனிய இசையும் கண்ணையும் காதையும் கற்பனையையும் கவ்வுவதை ஒப்புக்கொள்கிறார். இந்த மயக்கத்தை லூத்தர் எப்படித்தான் உடைத்தாரோ என்று வியக்கிறார்.

நாம் அக்கடிதத்தைப் படித்துச் சினங்கொள்ளவில்லை. ஓர் ஆலயத்தை முதன்முதலாகப் பார்க்கும் அந்நியனின் கண் எப்படியிருக்கும் என்பதை இவ்வளவு நேர்மையாகச் சொன்னவர் சிலரே. மேலும் அவர் அங்கேயே நின்றுவிடவில்லை. 1780-ஆம் ஆண்டுத் திருக்காட்சிப் பெருவிழாவன்று, ஸ்பெயினின் லெயோன் பேராலயத்தில் ஆயர் பவனியைக் கண்டார். எல்லோரும் முழந்தாளிட்டபோது அவர் தலைவணங்குவதோடு அமைந்தார். பிற்காலத்தில், பாஸ்டன் கத்தோலிக்கர் தங்கள் முதல் பேராலயமாக விளங்கவிருந்த திருச்சிலுவை ஆலயத்தை எழுப்பியபோது, அவர் 100 டாலர் நன்கொடை அளித்தார். அவ்வாலயம் 1803-இல் அர்ச்சிக்கப்பட்டது. இகழ்ச்சியிலிருந்து வணக்கத்திற்கும், வணக்கத்திலிருந்து கொடைக்கும் அவர் வந்து சேர ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆயிற்று. 1774-ஆம் ஆண்டுக் கடிதத்தை மட்டும் படிப்பவர் அந்தப் பயணத்தை அறியார். கடிதம் ஒரு மனிதரை ஒரு நாளில் நிறுத்தி வைக்கிறது. இறைவனோ அவருக்கு மறுநாளையும் தருகிறார்.

அந்த ஆலயத்தில் அவர் கேட்ட மறையுரையின் பொருளையும் ஜான் குறித்து வைத்தார். பிள்ளைகளின் உலக நலனையும் ஆன்ம நலனையும் பேணுவது பெற்றோரின் கடமை என்பதே அது. உரை சுருக்கமாகவும் நன்றாகவும் இருந்தது என்று பாராட்டி, அதை மனைவிக்கு எழுதினார். அன்று சார்லசுக்கு வயது நான்கு.

அப்சலோம்

1779 நவம்பரில் தந்தை மீண்டும் ஐரோப்பா சென்றபோது, ஒன்பது வயதுச் சார்லசையும் உடன் அழைத்துச் சென்றார். அச்சிறுவனுக்கு வீட்டு ஏக்கம் தீரவில்லை, உடல்நலமும் குன்றியது. 1781 ஆகஸ்டில், பதினொன்றாம் வயதில், பெற்றோர் துணையின்றி அவன் கப்பலேற்றப்பட்டான். அக்கப்பல் ஸ்பெயினில் ஒதுங்கியது. வேறு கப்பலில் மாறி, ஏறக்குறைய ஐந்து மாதங்கள் அலைந்து, 1782 ஜனவரியில்தான் அன்னையிடம் வந்து சேர்ந்தான். 1784-இல் அன்னையும் மூத்த மகளுடன் ஐரோப்பாவுக்குப் புறப்பட்டார். சார்லசும் இளையவன் தாமசும் சித்தியின் வீட்டில் விடப்பட்டார்கள். பெற்றோர் நாடு திரும்பியது 1788 ஜூனில். கணக்கிட்டுப் பார்த்தால், பதினொரு வயதில் தந்தையைப் பிரிந்த சார்லஸ், பதினெட்டு வயதில்தான் அவர் முகத்தை மீண்டும் கண்டான். அவ்வேழு ஆண்டுகளில் அவனுக்குத் தந்தை என்பது ஒரு கையெழுத்து.

சார்லஸ் நியூயார்க்கில் வழக்கறிஞரானார், மணமுடித்தார், இரு பெண்மக்களைப் பெற்றார். குடிப்பழக்கம் அவரை விழுங்கியது. அண்ணன் நம்பி ஒப்படைத்த பணமும் கரைந்தது. 1799 அக்டோபரில், குடியரசுத் தலைவராக இருந்த ஜான், இந்த மகனைக் கைவிட்டுவிட்டதாக மனைவிக்கு எழுதினார். தாவீதின் மகன் அப்சலோமிடமாவது ஓர் இலட்சிய வேகம் இருந்தது, தம் மகனிடம் அதுவும் இல்லை என்ற பொருளில் கடுஞ்சொற்களை அடுக்கினார். அதன்பின் அவர் மகனைப் பார்க்கவில்லை. 1800 நவம்பர் 2-ஆம் நாள், புதிதாகக் குடிபுகுந்த தலைவர் மாளிகையிலிருந்து அவர் மனைவிக்கு எழுதிய கடிதத்தில் அவ்வீட்டின்மீது இறையாசி வேண்டினார். அவ்வாசி இன்றும் வெள்ளை மாளிகை விருந்துக் கூடத்தின் கணப்பின்மேல் பொறிக்கப்பட்டிருக்கிறது. அபிகாயில் தலைநகர் செல்லும் வழியில் நியூயார்க்கில் மகனைக் கண்டு கலங்கினார். நவம்பர் 30-இல், முப்பதாம் வயதில், சார்லஸ் இறந்தார். வீட்டுக்கு ஆசி எழுதிய கை, மகனுக்கு ஒரு வரி எழுதாமல் போயிற்று.

மறைநூலை நன்கறிந்த ஜான் அப்சலோமை நினைத்தார், தாவீதை நினைக்கவில்லை. தனக்கு எதிராகப் படை திரட்டிய மகனையும் மென்மையாக நடத்துங்கள் என்று படைத்தலைவர்களைக் கேட்டுக்கொண்டவர் அத்தந்தை. வெற்றிச் செய்தி வந்தபோது, வாயிலின் மேலறைக்கு ஏறிச்சென்று அழுதவரும் அவரே. ஊதாரி மைந்தன் உவமையிலும் தந்தை கடிதம் எழுதவில்லை. அவர் வழிமேல் விழிவைத்துக் காத்திருந்தார்; மகன் தொலைவில் வரும்போதே கண்டுகொண்டு ஓடினார். ஓடும் கால்கள் செய்வதை எந்தப் பேனாவும் செய்வதில்லை.

1801 மார்ச்சில், பதவியிழந்து வீடு திரும்பியிருந்த ஜான், தமக்குப்பின் பதவியேற்ற ஜெஃபர்சனுக்கு எழுதிய கடிதத்தில் தம் மகனின் சாவைக் குறிப்பிடுகிறார். ஒருகாலத்தில் தம் கண்ணுக்கு இன்பமாகவும் நெஞ்சுக்கு இனியவனாகவும் இருந்தவன் என்று அங்கே சொல்கிறார். தாவீது அழுத மேலறையில் அவரும் அன்று ஏறினார். ஆனால் அச்சொற்களைக் கேட்க வேண்டியவர் இல்லை.

பெற்றோர் பிரிந்திருந்ததால்தான் சார்லஸ் கெட்டார் என்று நாம் தீர்ப்புக் கூறவில்லை. அதே பிரிவில் வளர்ந்த ஜான் குவின்சி நாட்டின் தலைவரானார். குடிநோய்க்கு வேறு வேர்களும் உண்டு என்பதை இன்று அறிவோம். போரும் தூதும் இன்றி அந்நாடு விடுதலை பெற்றிராது என்பதும், ஜான் தன்னலத்திற்காகக் கடல் கடக்கவில்லை என்பதும் மறுக்க முடியாதவை. இக்கடிதங்கள் நம்மிடம் கேட்பது தீர்ப்பையன்று. கடமை என்னும் சொல்லை நாம் எங்கே, எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்ற ஆய்வையே அவை கேட்கின்றன. பொதுப்பணியில் இருப்போர் அனைவரும், பணித்துறவு வாழ்வில் இருக்கும் நாமும், அச்சொல்லின் பின்னால் ஒளிந்துகொண்ட நாள்கள் உண்டு. வீட்டில் ஒருவருக்குத் தர வேண்டிய நேரத்தைத் தராமல், பலருக்காக உழைக்கிறோம் என்று மனச்சான்றைத் தேற்றியதுண்டு.

கடிதங்களைத் தொகுத்து வெளியிட்ட பேரனின் பெயர் சார்லஸ் பிரான்சிஸ் என்று முன்பே சொன்னோம். அவர் 1807-இல் பிறந்தபோது, இறந்த தம்பியின் பெயரையே ஜான் குவின்சி தம் மகனுக்குச் சூட்டினார். குடும்பக் கடிதங்களைச் சீர்திருத்தி உலகின்முன் வைத்தவர், கடிதங்கள் காப்பாற்றாத சித்தப்பாவின் பெயரைத் தாங்கியவர். மன்னிப்பை எழுத முடியாதபோது, அதைப் பெயராக வைத்தார்கள் போலும்.

எழுதப்படாத கடிதம்

1784 ஆகஸ்ட் 7-ஆம் நாள், நான்கு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களுமாகப் பிரிந்திருந்த கணவனும் மனைவியும் இலண்டனில் ஒரு விடுதியில் சந்தித்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கடிதங்கள் எழுதிய அவ்விருவரும் அச்சந்திப்பை வருணித்து எதுவும் எழுதவில்லை. கவிஞரும் ஓவியரும் இத்தகைய காட்சிகளின்மேல் திரையிட்டுவிடுவது அறிவுடைமை என்ற பொருளில், அபிகாயில் தம் சகோதரிக்குப் பின்னர் குறிப்பிட்டதோடு சரி. நமக்கு அதைப்பற்றித் தெரிவது மகள் நாபியின் குறிப்பால் மட்டுமே. நண்பகலில் அவள் அறைக்குத் திரும்பினாள். மேசைமேல் ஒரு தொப்பி இருந்தது. தொப்பிக்குள் இரண்டு புத்தகங்கள். அறையில் எல்லாமே மாறியிருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. தந்தை வந்துவிட்டார் என்று அவள் அறிந்துகொண்டாள்.

இத்தொகுப்பு முழுவதிலும் நம் மனத்தில் ஆழமாகப் பதிந்த இடம் எதுவென்று கேட்டால், புகழ்பெற்ற மூன்று தலைமுறைக் கடிதத்தை நாம் சுட்டமாட்டோம். மேசைமேல் இருந்த அந்தத் தொப்பியையே சுட்டுவோம். மையும் தாளும் அன்று தேவைப்படவில்லை. முகம் முகத்தைக் கண்டது. யோவானின் திருமுகங்கள் முடியும் இடத்தில்தான் அன்பு தொடங்குகிறது என்பதை அத்தொப்பி நமக்குச் சொல்கிறது. இந்நூலைப் படிக்கும் குடும்பத் தலைவர்கள், படித்து முடித்ததும், தொலைவில் இருக்கும் பிள்ளைக்கு நீண்ட கடிதம் எழுத விரும்பக்கூடும். எழுதட்டும். ஆனால் போய்ப் பார்க்கக் கூடிய தொலைவாயின், எழுதாமல் எழுந்து போகட்டும்.